கேள்வித்தாளை எழுதுவது யார்?

 

‘காலனியத்திலிருந்து அறிவுக்கு விடுதலை: பல்கலைக்கழகப் பாடத்திட்டம்’ என்பது இன்று எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. கனமான தலைப்பு. ஒரு மணி நேரம் கோட்பாடாகவே பேசிவிட்டு, கைதட்டலையும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். அதனால் யாருக்கும் பயனில்லை. ஆகவே ஓர் ஊரைப் பிடித்துக்கொள்கிறேன்: நைரோபி. ஓர் ஆண்டைப் பிடித்துக்கொள்கிறேன்: 1968. ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்கிறேன்: கேள்வித்தாளை எழுதுவது யார்?

கென்யாவின் கதை நமக்கெதற்கு என்று சிலர் நினைக்கலாம். இரண்டு காரணம் சொல்கிறேன். இந்தக் கதையின் நாயகர் கூகி வா தியாங்கோ தமிழ் வாசகருக்கு அந்நியர் அல்லர். அவருடைய ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ நாவலைத் தமிழில் படித்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். இரண்டாவது காரணம் இன்னும் நெருக்கமானது. நம் சென்னைப் பல்கலைக்கழகமும் ஆப்பிரிக்காவின் காலனியக் கல்லூரிகளும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. அந்த அச்சின் பெயர் லண்டன் பல்கலைக்கழகம்.

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று ஊர்களிலும் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. அவை பாடம் நடத்தவா எழுந்தன? இல்லை. பாடம் நடத்துவது கல்லூரியின் வேலை. தேர்வு வைப்பதும் பட்டம் தருவதும்தான் பல்கலைக்கழகத்தின் வேலை. லண்டனின் முறை அது. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தார்கள். அதாவது, நம் நாட்டில் பல்கலைக்கழகம் பிறந்தபோதே தேர்வுக்கூடமாகத்தான் பிறந்தது.

கொழும்புக்குப் போவோம். 1921இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் தனிப் பல்கலைக்கழகம் ஆகும்வரை, தன் மாணவர்களை லண்டனின் வெளிவாரிப் பட்டத் தேர்வுக்குத்தான் தயார்செய்தது. மாணவன் எழுதுவது கொழும்பில், அவனுக்குப் பட்டம் தருவது லண்டன்.

ஆப்பிரிக்காவுக்குப் போவோம். 1945இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த ஆஸ்குவித் ஆணையம் அறிக்கை தந்தது. காலனிகளில் பல்கலைக்கழகக் கல்லூரிகள் தொடங்கலாம், அவை லண்டனோடு ‘சிறப்பு உறவு’ வைத்துக்கொள்ளட்டும் என்றது. நைஜீரியாவில் இபதான், தங்கக் கடற்கரையில் (இன்றைய கானா) அக்ராவுக்கு அருகே லெகோன் என்று கல்லூரிகள் எழுந்தன, உகாண்டாவில் ஏற்கெனவே இருந்த மக்கரேரேயும் அந்த வரிசையில் சேர்ந்தது. கட்டடம் அங்கே, மாணவர் அங்கே, பட்டம் மட்டும் லண்டனுடையது. பாடத்தை உள்ளூருக்கு ஏற்பச் சற்றே மாற்றிக்கொள்ளலாம் என்று லண்டன் இடங்கொடுத்தது. நியாயமாக அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மாற்றலாமா கூடாதா என்று முடிவு சொல்வது யார்? அதுவும் லண்டன்தான்.

தேர்வு என்பது சின்ன விஷயமா? ஆசிரியர்களாகிய உங்களுக்குத் தெரியாததா? கேட்கப்படாதது நடத்தப்படாது. நடத்தப்படாதது படிக்கப்படாது. இரண்டு தலைமுறை படிக்காமல் விட்டது, மூன்றாம் தலைமுறைக்கு அறிவாகவே தோன்றாது. பாட்டிக்குத் தெரிந்த மருந்து, மீனவனுக்குத் தெரிந்த கடல், பாணனுக்குத் தெரிந்த குலவரலாறு எல்லாமே இப்படித்தான் அறிவுப் பட்டியலிலிருந்து விழுந்தன. யாரும் தடை போடவில்லை. யாரும் கேள்வி கேட்கவில்லை, அவ்வளவுதான்!

இப்போது நைரோபிக்கு வருவோம்.

கென்யா 1963 டிசம்பரில் விடுதலை பெற்றது. அதே ஆண்டு நைரோபி, மக்கரேரே, தார்-எஸ்-ஸலாம் மூன்றும் சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகம் ஆயின. இனிப் பட்டம் லண்டனுடையது அல்ல, தங்களுடையது. கொடி மாறியது, முத்திரை மாறியது. ஆனால் ஐந்தாண்டு கழித்து நைரோபியின் ஆங்கிலத் துறைக்குள் எட்டிப் பார்த்தால் என்ன தெரிந்தது? ஷேக்ஸ்பியர், ஸ்பென்சர், மில்டன் என்று தொடங்கி ஜேம்ஸ் ஜாய்ஸ், டி.எஸ். எலியட் வரை அதே வரிசை. லண்டன் போய்விட்டது, லண்டனின் பாடம் போகவில்லை.

1968 செப்டம்பரில் துறையின் பொறுப்புத் தலைவர் கலைப்புலக் குழுவின் முன் ஒரு யோசனையை வைத்தார். பிற மொழித் துறைகள் தேவையா, சுவாஹிலிக்கு இடம் தரலாமா என்றெல்லாம் அதில் பேச்சு இருந்தது. ஆனால் நடுநாயகமாக ஆங்கிலத் துறை அப்படியே இருக்கும். மற்றவை ஓரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளலாம். மேற்குலகப் பண்பாடு ஒன்றின் தொடர்ச்சியைக் கற்பிப்பதே அந்தத் துறையின் பெருமை என்றும் அந்த அறிக்கை சொன்னது.

அக்டோபர் 24ஆம் தேதி மூன்று ஆசிரியர்கள் பதில் எழுதினார்கள். ஹென்றி ஒவூர் அன்யும்பா, டாபன் லோ லியோங், கூகி வா தியாங்கோ. கூகிக்கு அப்போது வயது 30. பதிலின் தலைப்பிலேயே சண்டை இருந்தது: ஆங்கிலத் துறையை ஒழிப்பது பற்றி!

அவர்கள் கேட்ட கேள்வியின் சாரம் இதுதான். ஒரு பண்பாட்டின் தொடர்ச்சியைப் படித்தே ஆக வேண்டும் என்றால், அது ஏன் ஆப்பிரிக்கப் பண்பாடாக இருக்கக் கூடாது? ஆப்பிரிக்க மண்ணில் நிற்கும் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க இலக்கியம் நடுவில் இருந்து, மற்ற இலக்கியங்களை அதனோடு உறவு வைத்து ஏன் பார்க்கக் கூடாது?

நண்பர்களே, இங்கே ஒரு கணம் நின்று கவனியுங்கள். ஷேக்ஸ்பியரைக் கொளுத்துங்கள் என்று அவர்கள் சொன்னார்களா? சொல்லவில்லை. ஐரோப்பிய இலக்கியத்துக்கும் அவர்களுடைய திட்டத்தில் இடம் இருந்தது. முதலில் ஆப்பிரிக்க வாய்மொழி இலக்கியம், சுவாஹிலி இலக்கியம், நவீன ஆப்பிரிக்க எழுத்து. பிறகு கடல் கடந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் கரீபியனிலும் அமெரிக்காவிலும் படைத்த எழுத்து. பிறகு ஐரோப்பாவும் மற்ற உலகமும். நூல்களை வெளியேற்றுவதல்ல அவர்கள் எண்ணம். நாம் நின்று பார்க்கும் இடத்தை மாற்றுவதே எண்ணம். என் வீட்டு வாசலில் நின்று நான் உலகத்தைப் பார்க்கிறேன் என்பதில் என்ன குறுகல் இருக்கிறது? லண்டன்காரன் லண்டனில் நின்றுதானே பார்த்தான்?

பெரும் விவாதம் நடந்தது. இறுதியில் ஆங்கிலத் துறை போய் இலக்கியத் துறை வந்தது. வாய்மொழி இலக்கியம் பாடமானது. இதன் பொருளை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. வாய்மொழி இலக்கியம் பாடமானால் நூலகத்தில் மட்டும் உட்கார்ந்து படிக்க முடியாது. மாணவன் தன் ஊருக்குப் போக வேண்டும். கதை சொல்லும் கிழவியின் காலடியில் உட்கார வேண்டும். அவள் சொல்வதைப் பதிய வேண்டும், ஊருக்கு ஊர் கதை எப்படி மாறுகிறது என்று ஒப்பிட வேண்டும். நேற்றுவரை ‘படிக்காதவள்’ என்று ஒதுக்கப்பட்ட கிழவி இன்று சான்று தருபவள், விளக்கம் சொல்பவள். பாடத்திட்டத்தில் ஒரு தாள் கூடியது என்று நினைக்காதீர்கள். அறிவு யாரிடம் இருக்கிறது என்ற கணக்கே மாறியது.

அதே அறுபதுகளின் பிற்பகுதியில் நம் பாளையங்கோட்டையில் ஒருவர் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். பேராசிரியர் நா. வானமாமலை. கட்டபொம்மன் கூத்து, முத்துப்பட்டன் கதை, காத்தவராயன் கதைப்பாடல் என்று நாட்டுப்புற மக்களின் வாய்மொழியைத் தேடித் தொகுத்தார். நெல்லை ஆய்வுக் குழுவை நடத்தினார், ‘ஆராய்ச்சி’ இதழை நடத்தினார். இதில் பெரும்பகுதியைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்று செய்தார் என்பதை நினைவில் வையுங்கள். நைரோபியில் துறைக்குள் நடந்த போராட்டம், இங்கே துறைக்கு வெளியே ஒரு தனி மனிதரின் உழைப்பாக நடந்தது.

இலக்கியத்தில் மட்டுமா இந்தப் போராட்டம்? வரலாற்றுக்கு வாருங்கள். 1963இல் ஆக்ஸ்ஃபோர்டின் புகழ்பெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர், ஆப்பிரிக்காவுக்கு வரலாறே இல்லை, அங்கே ஐரோப்பியர் செய்தவை மட்டுமே வரலாறு, மீதியெல்லாம் இருட்டு என்ற பொருளில் பேசினார். ஏன் அப்படித் தோன்றியது அவருக்கு? எழுத்தில் இருந்தால்தான் சான்று என்பது அவர் படித்த இலக்கணம். ஆனால் அவர் பேசுவதற்கு ஏழாண்டு முன்னரே, 1956இல், நைஜீரியரான கென்னத் டைக் நைஜர் கழிமுகத்தின் வணிகத்தையும் அரசியலையும் பற்றி நூல் வெளியிட்டிருந்தார். ஆங்கிலேயரின் ஆவணங்களையும் படித்தார், கழிமுக மக்களின் வாய்மொழி மரபையும் சான்றாக எடுத்துக்கொண்டார். வெள்ளைக்காரர் வருவதைக் கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களாக அல்லாமல், பேரம் பேசிய வணிகர்களாகவும் ஆட்சி நடத்தியவர்களாகவும் கழிமுக மக்கள் அந்த நூலில் எழுந்து நின்றார்கள். டைக் பின்னர் இபதானின் துணைவேந்தரானார். நைஜீரியாவின் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வித்திட்டவரும் அவரே. ஆங்காங்கே நடந்த இத்தகைய உழைப்பெல்லாம் திரண்டு, யுனெஸ்கோவின் ஆப்பிரிக்கப் பொது வரலாறு எட்டுத் தொகுதிகளாக வந்தது. இருட்டு என்று சொன்ன இடத்தில் எட்டுத் தொகுதி!

கேள்வித்தாளை எழுதும் கை மாறினால் விடை மாறும். இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இதோடு கதை சுபமாக முடிந்தது என்று நான் சொன்னால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். துறையின் பெயர் மாறியது. நூல்பட்டியல் மாறியது. ஆனால் வகுப்பு எந்த மொழியில் நடந்தது? ஆங்கிலத்தில். கிழவி கிகூயு மொழியில் சொன்ன கதைக்கு மாணவன் ஆங்கிலத்தில் விடை எழுதினான். அந்தக் கிழவியால் அந்த விடைத்தாளைப் படிக்க முடியுமா?

இந்தக் கேள்வி கூகியை உறங்கவிடவில்லை. சிறுவயதில் அவர் படித்த பள்ளியில் கிகூயு பேசிய பிள்ளைக்குப் பிரம்படி விழும், அல்லது ‘நான் கழுதை’ என்பது போன்ற வாசகம் எழுதிய தகடு கழுத்தில் தொங்கும். தமிழ் பேசினால் அபராதம் வாங்கும் பள்ளிகளைப் பார்த்திருக்கும் நமக்கு இது விளங்காமல் போகாது.

1977இல் இரண்டு சம்பவங்கள் நடந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்த ஆண்டு ஜூலையில் கூகியின் ‘இரத்த இதழ்கள்’ நாவல் வெளியானது. ஆங்கில நாவல். விடுதலைக்குப் பிந்திய கென்ய ஆளும் வர்க்கத்தைக் கிழித்துப் போட்ட நாவல். அதை வெளியிட்டுவைத்தவர் யார் தெரியுமா? கென்யாவின் நிதியமைச்சர் ம்வாய் கிபாகி!

அதே ஆண்டு அக்டோபரில் கமிரித்து என்ற ஊரில் ஒரு நாடகம் அரங்கேறியது. லிமுருவுக்கு அருகே உள்ள கூகியின் சொந்த ஊர். கென்யாவில் காலனிய அரசு அறிவித்த நெருக்கடிநிலைக் காலத்தில் ஆங்கிலேயர் மக்களைக் கூட்டமாகக் குடியமர்த்திய ஊர்களில் ஒன்று. கூகியும், கூகி வா மிரி என்ற இன்னொரு எழுத்தாளரும் சேர்ந்து கிகூயு மொழியில் எழுதிய நாடகம். நடித்தவர்கள் விவசாயிகள், தேயிலைத் தோட்டக் கூலிகள், பக்கத்துச் செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். திறந்தவெளி அரங்கத்தையும் அவர்களே கட்டினார்கள். ஒத்திகை எல்லார் கண்ணெதிரிலும் நடந்தது. ‘எங்கள் கல்யாணத்தில் இந்தப் பாட்டை இப்படிப் பாட மாட்டார்கள்’ என்று பெரியவர்கள் திருத்தினார்கள். ‘கிழவன் இப்படியா பேசுவான்?’ என்று வசனத்தை மாற்றச் சொன்னார்கள். பேராசிரியர் பாடம் கேட்டார், ஊர் பாடம் நடத்தியது.

ஆறே வாரம். நவம்பர் 16ஆம் தேதி அனுமதி ரத்து. டிசம்பர் கடைசியில் கூகி நள்ளிரவில் கைது. விசாரணை இல்லை, வழக்கு இல்லை. ஓராண்டு காமிட்டி சிறை. அந்தச் சிறையில் கழிப்பறைக் காகிதத்தில் எழுதியதுதான் நம் கைக்குத் தமிழில் வந்திருக்கும் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’. 1982இல் அந்தத் திறந்தவெளி அரங்கத்தையும் அரசு இடித்துத் தள்ளியது.

ஆங்கிலத்தில் திட்டினால் அமைச்சர் வந்து விழா எடுக்கிறார். மக்கள் மொழியில், மக்களே மேடையேறிப் பேசினால் சிறை. பாடத்திட்டம் பல்கலைக்கழகச் சுவருக்குள் மாறும்வரை அதிகாரம் பொறுத்துக்கொள்கிறது. அறிவு சுவரைத் தாண்டும்போதுதான் அதற்குக் கோபம் வருகிறது. என் இன்றைய பேச்சின் உயிர்நாடி இதுதான். நூல்பட்டியலை மாற்றுவது முதல் படி. அதிலேயே நின்றுவிட்டால் வெள்ளைத் துரை இருந்த நாற்காலியில் கறுப்புத் துரை உட்கார்ந்தார் என்பதோடு முடியும்.

தென்னாப்பிரிக்காவையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். நைரோபிக் குறிப்பு எழுதப்பட்ட அதே 1968இல், கேப் டவுன் பல்கலைக்கழகம் ஆர்ச்சி மஃபேஜே என்ற கறுப்பின மானுடவியலாளருக்குப் பணி தந்துவிட்டு, நிறவெறி அரசின் மிரட்டலால் அதைத் திரும்பப் பெற்றது. மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தில் ஒன்பது நாள் உட்கார்ந்து போராடினார்கள். பயனில்லை. நிறவெறி ஆட்சி போன பிறகு, 1996இல் அங்கே ஆப்பிரிக்கவியல் பேராசிரியராக வந்தவர் உகாண்டாவைச் சேர்ந்த மஹ்மூத் மம்தானி. முதலாண்டு மாணவருக்கு ஆப்பிரிக்காவைப் பற்றி அவர் வகுத்த பாடத்தை ஒதுக்கி வேறொன்றை வைத்தார்கள். ஆப்பிரிக்காவைப் பற்றிய பாடத்தில் ஆப்பிரிக்க அறிஞர்களின் எழுத்து எங்கே என்று அவர் கேட்டார். சில ஆண்டுகளில் அங்கிருந்து போய்விட்டார். 2015 மார்ச்சில் அதே வளாகத்தில், காலனிய ஆதிக்கத்தின் அடையாளமாக நின்ற செசில் ரோட்ஸ் சிலைக்கு எதிராக மாணவர்கள் எழுந்தார்கள். ஏப்ரல் 9ஆம் தேதி சிலை அகற்றப்பட்டது. ஒரு மாதத்தில் சிலையை எடுத்துவிட்டார்கள். பாடத்தை எடுக்க எத்தனை ஆண்டு? அக்டோபரில் மாணவர்கள் மறுபடி தெருவுக்கு வந்தார்கள், இந்த முறை கட்டண உயர்வுக்கு எதிராக. பாடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதோடு வகுப்பில் யாரால் உட்கார முடிகிறது என்பதும் சேர்ந்த கேள்விதான் என்று அவர்கள் உணர்த்தினார்கள்.

இனி எச்சரிக்கைக்கு வருகிறேன். கைதட்டல் குறையலாம், பரவாயில்லை.

காலனிய நீக்கம் என்ற பெயரில் எதை விற்றாலும் வாங்கிவிடக் கூடாது. காங்கோவின் சர்வாதிகாரி மொபுட்டு மண்ணின் மரபு என்றார். நாட்டின் பெயரை ஸைர் என்று மாற்றினார், கிறித்தவப் பெயர்களைத் துறக்கச் சொன்னார். நாட்டின் பெயர் மாறிய 1971இலேயே பல்கலைக்கழகங்களைத் தன் கைப்பிடிக்குள் கொண்டுவந்தார். மரபு பேசியபடியே நாட்டைச் சூறையாடினார். தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் ஆட்சி, டச்சிலிருந்து கிளைத்த ஆஃப்ரிகான்ஸ் மொழியைப் பல்கலைக்கழக மொழியாக வளர்த்துக் காட்டியது. உள்ளூர் மொழியால் முடியாது என்பவர்களுக்கு அது நல்ல பதில். ஆனால் அதே மொழியைக் கறுப்பினப் பிள்ளைகளின் தலையில் கட்டியபோது என்ன நடந்தது? 1976 ஜூன் 16இல் சோவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் மீது துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. மண்ணின் மொழி என்பதாலேயே ஒன்று விடுதலையின் மொழி ஆகிவிடாது.

நமக்கும் இது பொருந்தும். ‘வெள்ளைக்காரன் வருமுன் எல்லாம் நம்மிடம் இருந்தது’ என்று மார்தட்டும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். யாரிடம் இருந்தது? எந்தத் தெருவில் இருந்தது? 1848இல் புனேவில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தபோது அவர்களை எதிர்த்தது லண்டன் அல்ல, ஊர். காலனியத்தின் பூட்டை உடைக்கிறேன் என்று சொல்லி அதற்கு முந்திய பூட்டை மாட்டிவிடக் கூடாது.

தமிழால் முடியுமா என்று கேட்பவர்களும் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு முதலிய மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தமிழிலேயே மருத்துவம் படித்து வைத்தியர்களாக வெளியேறிய மாணவர்கள் அவருக்கு இருந்தார்கள். இது நடந்து நூற்றைம்பது ஆண்டு ஆகிறது. செய்தவர் வந்தேறி. செய்யாமல் விட்டவர்கள் நாம். ஆகவே தோலின் நிறத்தையோ பிறந்த நாட்டையோ வைத்து இந்த விஷயத்தில் யாரையும் அளக்காதீர்கள்.

கடைசியாக, வேலைக்கு வருகிறேன். பாடத்திட்டக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களே, அடுத்த கூட்டத்தில் நூல்பட்டியலோடு எழுந்துவிடாதீர்கள். கேள்வித்தாளின் மாதிரியையும் அங்கேயே எழுதிப் பாருங்கள். பொறியியல் மாணவனிடம் நம் ஏரியின் மடையும் கலிங்கும் எப்படி வேலை செய்கின்றன என்று கேளுங்கள். வரலாற்று மாணவியை அவள் ஊர்க் கல்வெட்டையும் அந்தக் கல்வெட்டில் இடம்பெறாத சேரியின் நினைவையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நியூட்டனையும் கேளுங்கள், மில்டனையும் கேளுங்கள். ஆங்கிலத்தைத் துணிந்து கற்றுக்கொடுங்கள், ஆனால் தமிழில் எழுதிய விடைக்கு அதற்காக ஒரு மதிப்பெண்ணும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாணவ நண்பர்களே, நீங்கள் எழுதும் ஆய்வேட்டை, யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர்களிடம் கொண்டுபோய் அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்தினால் திருத்துங்கள். அந்தத் துணிவு வந்த பிறகு பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகையில் எந்த மொழி இருக்கிறது என்ற சண்டையை வைத்துக்கொள்ளலாம்.

கூகி வா தியாங்கோ 2025 மே 28ஆம் தேதி அமெரிக்காவில் காலமானார். நைரோபிக் குறிப்பில் அவர் கேட்டதற்கு நம் பல்கலைக்கழகங்கள் பலவும் இன்னும் விடை எழுதவில்லை. எழுதத் தொடங்குங்கள்.